பழைய எல்ஃப் லொறி: சம்ப் பக்கிங் மாத்தியும் ஒயில் நிக்குதில்லை

கேள்வி, ஜூன் 9

"அண்ணை, என்னட்ட இருக்கிறது பழைய 250 எல்ஃப், 4ஜேபி1 எஞ்சின். திருகோணமலை கொட்பேயில இருந்து கொழும்புக்கு மீன் ஏத்துறது. எஞ்சினும் கியர்பொக்ஸும் பொருந்துற இடத்துக்குக் கீழ ஒயில் சொட்டுது. சித்திரை வருசத்துக்கு முதல், எஞ்சினுக்கு அடியில ஒயில் நிக்கிற சம்பின் பக்கிங் மாத்தினது, ஒரு வித்தியாசமும் இல்லை. இப்ப கராஜில, கியர்பொக்ஸை இறக்கி, எஞ்சின் கிராங்க் தண்டின் பின்பக்க ஒயில் சீல் போடோணும், அதோட முழு காஸ்கட் செற்றும் மாத்தினாத்தான் சரி எண்டுறாங்க. செய்யவா?"

ஜூன் 9, இரவு

இப்போதைக்குக் கியர்பொக்ஸில கை வைக்க விடாதைங்க. முழு செற் எண்ட கதைக்கும் சம்மதிக்காதைங்க. காஸ்கட் எண்டாலும் பக்கிங் எண்டாலும் ஒண்டுதான், ரெண்டு பாகம் பொருந்துற இடத்தில ஒயில் வராமல் போடுற அடைப்பு. செற்றுக்குள்ள, எஞ்சின் புளொக்குக்கும் அதுக்கு மேல இருக்கிற ஹெட்டுக்கும் நடுவில போடுற ஹெட் காஸ்கட்டும் இருக்கும். அது கிடக்குது எண்டதுக்காக ஹெட்டைக் கழட்டுற ஆக்கள் இருக்கினம். ஹெட் ஒழுகாட்டி அதைத் தொடுறது வீண் வேலை.

எனக்கு மூண்டு விசயம் தெரியோணும். சொட்டுறது கறுப்பா, தேன் நிறமா? ஓடி வந்து நிப்பாட்டின உடனயா சொட்டுது, இல்லாட்டி இரவு முழுக்க நிண்ட பிறகா? எஞ்சினுக்கு மேல் பக்கம், கபினைத் தூக்கிப் பாத்தீங்களா?

ஜூன் 10

கபினைத் தூக்கேல்லையாம். அப்ப எல்லாரும் லொறிக்குக் கீழ படுத்துத்தான் பாத்திருக்கினம்.

ஒயில் மேல இருந்து கீழ வரும், முன்னுக்கு இருந்து பின்னுக்குப் போகும். ஃபான் காத்தும் ஓட்டக் காத்தும் அதைப் பின்னுக்குத் தள்ளும். எஞ்சினின் உச்சியில வால்வுகளை மூடுற டப்பெட் கவரின் பின் மூலையில கசிஞ்சால் புளொக்கின் பின் பக்கத்தால வழிஞ்சு, கிளட்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங்கின் அடியில வந்துதான் சொட்டும். கீழ நிண்டு பாக்கிறவனுக்கு அது பின் ஒயில் சீல். பின் சீல் எண்டு தீர்ப்பாகி எங்கட கராஜுக்கு வாற பழைய எல்ஃபுகளில கனக்க இந்தக் கேஸ்தான்.

முதல் கழுவுங்க. சேர்விஸ் ஸ்டேஷனில தண்ணி அடிச்சு விடுறது காணாது. எஞ்சின் ஆறினாப் பிறகு மண்ணெண்ணெயும் தூரிகையும் எடுத்து, மேல டப்பெட் கவரில தொடங்கி சம்ப் வரைக்கும் ஊறவிட்டுத் தேய்க்கோணும். பிறகு சவர்க்காரத் தூள் தண்ணி, பிறகு நல்ல தண்ணி. அல்டனேட்டரை ஒரு பொலித்தீன் பையால மூடுங்க. இன்ஜெக்டர் பம்ப் பக்கம் பிரசரா அடிக்க வேண்டாம். காய விடுங்க.

காய்ஞ்ச பிறகு முகத்துக்குப் போடுற பவுடர் ஒரு டப்பா. சந்தேகமான பொருத்து எல்லாத்திலையும் லேசாத் தூவி, எஞ்சினை நிண்ட இடத்தில ஒரு கால் மணித்தியாலம் ஓட விடுங்க. பிறகு உப்புவெளி வரைக்கும் ஒரு ஓட்டம் ஓடி வந்து, கபினைத் தூக்கி டோர்ச் அடியுங்க. வெள்ளையில ஒரு ஈரக் கோடு இறங்கியிருக்கும். அது கீழ எங்க முடியுது எண்டதை விடுங்க, மேல எங்க தொடங்குது எண்டதைத் தேடுங்க.

ஜூன் 10, பின்னேரம்

விட்டுப்போனது. விரலில தொட்டு மணந்து பாருங்க. கியர் ஒயிலில ஒரு கந்தக நாத்தம் இருக்கும், எஞ்சின் ஒயிலில அது இராது. டீசல் எஞ்சினில ஓடின ஒயில் கொஞ்ச நாளிலேயே கறுத்துப்போகும். தேன் நிறத்தில, நாத்தத்தோட சொட்டினா அது கியர்பொக்ஸின் முன் சீல். அப்ப நான் மேல எழுதினது ஒண்டும் உங்களுக்குத் தேவையில்லை.

ஜூன் 12

கறுப்பு ஒயிலாம். நல்லது.

பவுடர் போட முதல் இன்னொரு வேலை. எஞ்சின் ஓடேக்க ஒயில் ஊத்துற மூடியைத் திருப்பிக் கழட்டி, அதே ஓட்டையில தலைகீழாச் சும்மா வையுங்க. லேசா நடுங்கினாப் பரவாயில்லை, பழைய டீசல் கொஞ்சம் மூச்சு விடத்தான் செய்யும். துள்ளி விழுந்தாலோ, குபுகுபு எண்டு புகை அடிச்சாலோ உள்ள அமுக்கம் கூட.

அமுக்கம் எங்கால வருது? பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சக் காத்து எப்பவும் கீழ இறங்கும். அது வெளியேறத்தான் பிரீதர் குழாய். அந்தக் குழாய் அடைச்சால் காத்துக்குப் போக வழியில்லை. எந்தப் பொருத்து பலவீனமோ அந்தப் பொருத்தால ஒயிலையும் தள்ளிக்கொண்டு வெளிய வரும். நீங்க புதுப் பக்கிங் போடுவீங்க, அது அடுத்த பலவீனமான இடத்தால வரும். பக்கிங் விக்கிறவருக்கு நல்ல சீவியம்.

2022இல டீசல் இல்லாமல் லொறிகள் மாசக்கணக்கா நிண்டது ஞாபகம் இருக்கும். அதில ஒரு கன்டர், நெல் ஏத்துறது, தம்பலகாமம் பக்கம். திரும்ப ஓடத் தொடங்கின உடன எல்லாப் பக்கத்தாலையும் ஒயில். டப்பெட் கவர், சம்ப், ஒயில் மட்டம் பாக்கிற டிப் ஸ்டிக் ஓட்டை கூட. ரிங் போயிட்டுது, எஞ்சின் செய்யோணும் எண்டு சொந்தக்காரர் காசுக்கு ஓடித் திரிஞ்சார். பிரீதர் குழாயின் வாயில மண்குளவி கூடு கட்டியிருந்தது. சின்ன விரல் மொத்தத்தில காய்ஞ்ச களிமண், உள்ள புழுக்கள். கம்பியால குத்தி எடுத்தம். குழாயையும் கழட்டி மண்ணெண்ணெயில கழுவிப் பூட்டினம். பாதி ஒழுக்கு அண்டைக்கே நிண்டிட்டுது. மிச்சத்துக்கு டப்பெட் கவர் பக்கிங் ஒண்டுதான் போட்டது.

அதால, காஸ்கட் வாங்க முதல் பிரீதர். குழாயைக் கழட்டி வாயால ஊதிப் பாருங்க. வாயைத் துடைச்சிட்டு.

ஜூன் 12, இரவு

"திருகோணமலையில ஒயில் ஒழுகாத வாகனம் இருக்கா" எண்டு ஒருத்தர் கேட்டிருக்கிறார். சீனக்குடாவில உலகப் போர்க் காலத்து எண்ணெய்த் தாங்கி 99 நிக்குது. நூறாவது எங்கட கராஜ் வாசலில.

ஜூன் 13

ஸ்டொப் லீக் எண்டு போத்தலில விக்கிற மருந்து பற்றி ரெண்டு பேர் கேட்டாச்சு. அது றப்பரை ஊறப் பண்ணிக் கொஞ்சம் வீங்க வைக்கும். சுழல்ற தண்டில உரசுற ஒயில் சீல் காய்ஞ்சு இறுகியிருந்தால் சில நேரம் சொட்டுக் குறையும், உண்மை. கோர்க் பக்கிங்குக்கோ கடதாசிப் பக்கிங்குக்கோ அது ஒண்டும் செய்யாது. கவரில ஒழுகுறதுக்கு அதை ஊத்துறது காசைச் சம்பில ஊத்துறது.

தடிச்ச ஒயில் போட்டால்? 15டபிள்யூ-40க்குப் பதிலா 20டபிள்யூ-50 போட்டாச் சூட்டில கொஞ்சம் மெதுவா ஒழுகும். ஒழுகுற வழி அப்பிடியே இருக்கும். லொறியை விக்கப் போற ஆக்கள் செய்யிற வேலை அது. வாங்கப் போற ஆக்களும் இதை வாசிப்பினம் எண்டு எழுதுறன்.

ஜூன் 15

முதல் கேள்வி கேட்ட எல்ஃப்காரத் தம்பி படம் அனுப்பியிருக்கிறார். கபினைத் தூக்கிப் பவுடர் போட்டு ஓடி வந்து எடுத்தது. நல்லாத் தெரியுது. ரெண்டு இடம்.

ஒண்டு, டப்பெட் கவரின் பின் மூலை. நான் நினைச்சதுதான். பவுடர் அங்க கறுத்துக் களியாகி, புளொக்கின் பின்பக்கத்தால ஒரு விரல் அகலத்துக்குக் கோடு இறங்குது.

மற்றது, அல்டனேட்டரின் முதுகு. ஒரு கராஜும் இவருக்கு இதைச் சொல்லேல்லை. இந்த எஞ்சினில பிறேக்குக்கு வக்கியூம் எடுக்கிற பம்ப் அல்டனேட்டரின் பின்னாலதான் பூட்டியிருக்கு. அதுக்கு எஞ்சின் ஒயில்தான் போகுது: மெல்லிய குழாயால பிரசரோட உள்ள போய், தடிச்ச றப்பர் குழாயால சும்மா வழிஞ்சு சம்புக்குத் திரும்பும். றப்பர் குழாய் பழசானா கிளிப் இறுக்கின இடத்தில வெடிச்சுக் கசியும். கசிஞ்ச ஒயில் எஞ்சின் பக்கவாட்டால வழிஞ்சு சம்ப் விளிம்பில போய் நிக்கும். சம்ப் பக்கிங் மேல பழி.

உள்ள இருக்கிற சீல் போனா இன்னும் மோசம், ஒயில் அல்டனேட்டருக்குள்ள இறங்கும். சார்ஜ் லைட் எரியத் தொடங்கின பிறகு யோசிச்சுப் பிரயோசனமில்லை. முதல் குழாயை மாத்துங்க. ஒயிலுக்கெண்டு செய்த குழாய் வாங்கோணும், தண்ணிக் குழாய் போட்டா ஒயிலில ஊறிக் களியாகும். மடிபடாமல் பூட்டுங்க. திரும்பிப் போற வழி நெருக்குப்பட்டால் நல்ல சீலையும் ஒயில் தள்ளிக்கொண்டு வரும்.

ஜூன் 16

டப்பெட் கவர். மலிவான பக்கிங், வேலை லேசு. அதாலதான் கனபேர் பழுதாக்கினம்.

கவரைக் கழட்ட முதல் சுத்தியிருக்கிற மண்ணைத் துடையுங்க, திறந்தா அதெல்லாம் வால்வுப் பக்கம் விழும். பழைய றப்பர் அப்பளம் மாதிரி நொருங்கும். துண்டு துண்டா வரும், ஒரு துண்டும் உள்ள போகாமல் பாக்கோணும். அலுமினியம் மேல ஸ்குரூட்ரைவரால கீறாதைங்க. ஒரு கீறல் காணும், புதுப் பக்கிங்கையும் தாண்டி ஒயில் வரும். மூங்கில் சிலாகை ஒண்டைச் சீவி எடுத்தா அதுவே நல்ல சுரண்டி.

கடைசித் துடைப்பு மண்ணெண்ணெயால வேண்டாம், டீசலாலையும் வேண்டாம். ரெண்டும் ஒரு எண்ணெய்ப் படலம் விட்டிட்டுப் போகும். பிறேக் கிளீனர், இல்லாட்டிப் பெற்றோல் நனைச்ச துணி. வெளியில வச்சு, பீடி சிகரெட் இல்லாமல்.

பிறகு இறுக்கம். 10ஆம் நம்பர் ஸ்பானர் போற 6 மில்லிமீற்றர் போல்டுக்கு 10 நியூட்டன் மீற்றர் அளவுதான் வழமை. கையில சொன்னால், சின்ன ஸ்பானரை நுனியில பிடிக்காமல் நடுவில பிடிச்சு மணிக்கட்டால இறுக்கிற அளவு. உங்கட எஞ்சின் கையேடு வேற சொன்னால் அதைக் கேளுங்க. "இன்னும் கொஞ்சம்" எண்டு இறுக்கினா றப்பர் பிதுங்கும், கவர் வளையும், ஒழுக்கு முந்தியை விடக் கூடும்.

ஜூன் 20

கச்சான் காத்துத் தொடங்கியிட்டுது. கூரையில தகரம் அடிக்கிற சத்தத்தில ஃபோன் கேக்காது. திறந்த வெளியில சம்ப் கழட்ட நினைச்சிருக்கிற ஆக்கள் கொஞ்சம் பொறுங்க, இல்லாட்டி விடியப்புறம் காத்து எழும்ப முதல் செய்யுங்க. இந்தக் காத்தில வாற மணல் ஒயில் பூசின பெயரிங்கில இருந்தா என்ன நடக்கும் எண்டு எழுதத் தேவையில்லை.

சம்ப் பற்றிக் கேட்டிருக்கிறீங்க. புதுப் பக்கிங் போட்டும் ஏன் ஒழுகுது? பக்கிங்கைப் பாக்கிறதை விட்டிட்டு சம்பின் விளிம்பைப் பாருங்க. அது தகடு. முந்தி இறுக்கினவர் பலம் காட்டியிருந்தால் ஒவ்வொரு போல்ட் ஓட்டையைச் சுத்தியும் தகடு மேல் பக்கம் குவிஞ்சிருக்கும். பூட்டேக்க அந்தக் குவிஞ்ச இடங்கள் மட்டும் புளொக்கில முட்டும், ஓட்டைக்கு ஓட்டை நடுவில இடைவெளி. நேரான இரும்புச் சட்டம் ஒண்டை விளிம்பில வச்சு மற்றப் பக்கத்தால டோர்ச் அடிச்சா வெளிச்சம் தெரியும். எங்கட கராஜில ஒரு தண்டவாளத் துண்டு கிடக்குது. குவிஞ்ச பக்கம் மேல வாற மாதிரி அதில விளிம்பை வச்சு, சின்னச் சுத்தியலால ஒவ்வொரு ஓட்டையா மட்டமாத் தட்டுவம். அந்த வேலைக்குப் பக்கிங் மாத்துறதை விட நேரம் எடுக்கும். அதைச் செய்யாமல் எந்தக் கம்பனிப் பக்கிங் போட்டாலும் காசு நட்டம்.

கோர்க் போட்டால் சிலிக்கோனை ரெண்டு பக்கமும் அப்பாதைங்க. கோர்க் வழுக்கிக்கொண்டு வெளிய பிதுங்கும். முன்னும் பின்னும் வளைவு வாற மூலைகளில மட்டும் ஒரு பொட்டு. பக்கிங்கே இல்லாமல் வெறும் சிலிக்கோன் போடுற சம்ப் எண்டால் 3 மில்லிமீற்றர் மொத்தத்தில ஒரே கோடு, போல்ட் ஓட்டைக்கு உள்பக்கத்தால. கோடு போட்ட உடன பூட்டோணும், தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து பூட்டுறதில்லை. பிறகு ஒரு நாள் விட்டு ஒயில் ஊத்துங்க. வெளிய பிதுங்கினது கண்ணுக்குத் தெரியும். அதே அளவு உள்ளையும் பிதுங்கியிருக்கும். அது பிஞ்சு விழுந்து ஒயில் உறிஞ்சுற வலையில ஒட்டினா எஞ்சினுக்கு ஒயில் போகாது. சிவப்புச் சிலிக்கோன் துண்டுகள் வலை நிறைய ஒட்டிக்கிடந்த எஞ்சின் ஒண்டு திறந்து பாத்திருக்கிறன். ஒயில் இல்லாமல் சூடேறிக் கிராங்க் தண்டு நீலம் பாஞ்சிருந்தது.

ஜூன் 21

கன்டர் வச்சிருக்கிற நானா ஒருத்தர் கிண்ணியாவில இருந்து எழுதியிருக்கிறார், தன்ர எஞ்சினில ஒயில் கூலர் மூடிதான் ஒழுகினது, அதை நான் சொல்லேல்லை எண்டு. ஓம், அந்த எஞ்சினுகளில பக்கத்தில இருக்கிற கூலர் கவர் பக்கிங்கும் பாக்கோணும். அங்க தண்ணியும் ஒயிலும் கிட்டக்கிட்டப் போகுது. றேடியேட்டருக்குள்ள ஒயில் படிஞ்சா ஹெட் காஸ்கட் எண்டு பாய முதல் கூலரைக் கழட்டிச் சோதியுங்க.

இன்னொரு சின்னச் சாமான், ஒயில் பிரசர் சுவிட்ச். விலை குறைவு. உள்ள கிழிஞ்சால் வயர் பூட்டுற இடத்தால ஒயில் வரும், காத்தில சிதறி எஞ்சினின் ஒரு பக்கம் முழுக்க நனையும். வயரைக் கழட்டுங்க, உள்ள ஈரம் எண்டால் அதுதான்.

ஜூன் 28

ஒருத்தருக்கு டைமிங் கவருக்கு, அதுதான் எஞ்சினின் முன்பக்க மூடிக்கு, பக்கிங் கிடைக்கேல்லையாம். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினதுக்குப் பிறகு பழைய லொறிகள்தான் ஓடினது, பாட்ஸ் தேடி எல்லாரும் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளுக்குத்தான் போனது. சில பக்கிங்குகளுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பக்கிங் கடதாசி தாளா வாங்கலாம், திருகோணமலையிலேயே.

பழைய தடிப்பைப் பாத்து அதே தடிப்பில எடுங்க. கவரைக் கவிழ்த்து வச்சு, அதின் மேல தாளைப் போட்டு, ஒரு மூலையை ஆணி இல்லாமல் கையாலயே அமுக்குங்க. உருண்டைத் தலைச் சுத்தியலால விளிம்பு ஓரமா டொக் டொக் எண்டு மெல்லத் தட்டிக்கொண்டு போனால் கவரின் விளிம்பே தாளை வெட்டும். போல்ட் ஓட்டைக்குப் பழைய பெயரிங் குண்டு ஒண்டு, ஓட்டையை விடக் கொஞ்சம் பெருசு. தாளுக்கு மேல ஓட்டையில குண்டை வச்சு ஒரு தட்டு. வட்டமா, மயிர் கூட நிக்காமல் ஓட்டை விழும். முதல் ரெண்டு எதிர் மூலை ஓட்டைகளைப் போட்டுப் போல்டைச் செருகினா தாள் அசையாது. மிச்சம் பிறகு. அலுமினியம் கவரில பலமா அடிக்காதைங்க, விளிம்பு நசியும். சந்தேகமெண்டாத் தட்டி அடையாளம் மட்டும் எடுத்துக் கத்தரிக்கோலால வெட்டுங்க.

ஹெட் காஸ்கட்டை இப்பிடிச் செய்யலாமா எண்டு கேக்கப் போற தம்பிக்கு: ஏலாது. 4ஜேபி1இல பிஸ்டன் மேல எவ்வளவு நீட்டுது எண்டு அளந்து, அதுக்கேத்த தடிப்பில காஸ்கட் எடுக்கோணும். மூண்டு தடிப்பு இருக்கு, அடையாள வெட்டுப் பாத்து எடுக்கிறது.

ஜூலை 4

தம்பியிட்ட இருந்து செய்தி. குழாய் மாத்தி, டப்பெட் கவர் பக்கிங் போட்டு, ரெண்டு மூண்டு தரம் கொழும்பு போய் வந்தாச்சாம். பெல் ஹவுசிங் காய்ஞ்சிருக்கு. ஆனா சம்பின் அடியில, விளிம்பில இருந்து நல்லாத் தள்ளி, ஒரு துளி தொங்குதாம். பக்கிங் இல்லாத இடத்தில பக்கிங் ஒழுகாது. வடிகால் போல்டிலையும் இல்லையாம்.

மீன் லொறி. துறையில தேங்கி நிக்கிற உப்புத் தண்ணிக்குள்ளால ஓடுறது, சில்லு அடிச்சு எல்லாம் சம்பில. பெயின்ற் கொப்பளிச்ச இடத்தைச் சுரண்டிப் பாருங்க எண்டன். சுரண்டினார். கறள் ஒரு செதிலாக் கழண்டு வந்து, ஊசி ஓட்டையால ஒயில் நூல் மாதிரி வந்திருக்கு. கையால பொத்திக்கொண்டு கூப்பிட்டார்.

ரெண்டு களிம்பைக் கலந்து அப்பிற வேலை வீடு போய்ச் சேர மட்டும். நிரந்தரம் எண்டால் சம்பைக் கழட்டி, ஒயில் ஒரு சொட்டும் இல்லாமல் கழுவி, பித்தளை ஒட்டு. ஓட்டையைச் சுத்தித் தகடு மெலிஞ்சிருந்தா ஒட்டு நிக்காது, துண்டு வெட்டிப் போடோணும், இல்லாட்டி வேற சம்ப். கழட்டின கையோட விளிம்பைத் தட்டி மட்டமாக்குங்க. பூட்ட முதல் நல்ல பெயின்ற் ரெண்டு பூச்சு. பிறகு துறையில இருந்து வந்த உடன அடிப்பக்கம் நல்ல தண்ணி.

ஜூலை 5

"அப்ப பின் சீல் ஒருக்காலும் போகாதா" எண்டு கோபமா ஒருத்தர். போகும். வெளியெல்லாம் காய்ஞ்சிருந்து பெல் ஹவுசிங்கின் உள்ள மட்டும் கறுப்பு ஒயில் நனைஞ்சிருந்தா, கிளட்ச் வழுக்கத் தொடங்கினா, அது சீல்தான். அப்ப கியர்பொக்ஸை இறக்குங்க. புதுச் சீல் அடிக்க முதல் கிராங்கில சீல் உரசுற இடத்தை நகத்தால தடவுங்க. நகம் தடக்கினாப் பள்ளம் விழுந்திருக்கு. புதுச் சீலையும் அதே பள்ளத்தில உக்கார வச்சா அதுவும் ஒழுகும். இடம் இருந்தா ஒரு மில்லிமீற்றர் தள்ளி அடிக்கலாம், இல்லாட்டி மெல்லிய ஸ்லீவ் போடலாம். கிளட்ச் பிளேட்டையும் அப்பவே பாத்திடுங்க, இன்னொரு தரம் இறக்கிற கூலி மிச்சம்.

ஜூலை 19

வேற ஒரு ஆள். ஒழுகுது, ஆனா டிப் ஸ்டிக்கில மட்டம் ஏறுதாம்! சிரிக்கிற விசயமில்லை. டீசல் பம்பின் தண்டுச் சீல் போனால் டீசல் டைமிங் பக்கத்தால சம்புக்குள்ள இறங்கும். ஒயில் தண்ணியாகி எல்லாப் பொருத்தாலையும் கசியும். டிப் ஸ்டிக்கை மணந்து பாருங்க, டீசல் மணந்தா லொறியை ஓட்டாதைங்க. பம்பைக் கழட்டிப் பம்ப் செய்யிற இடத்தில குடுத்துச் சீல் மாத்தி, ஒயிலும் ஃபில்டரும் புதுசு. காஸ்கட் பிறகு பாக்கலாம், அனேகமாத் தேவைப்படாது.

ஜூலை 20

வடிகால் போல்டின் செப்பு வாஷர் பற்றி: புதுசு கிடைக்காட்டிப் பழசைச் சிவக்கச் சூடாக்கித் தண்ணியில போடுங்க, திரும்ப மெதுவாகும். கறுப்பைத் தேய்ச்சிட்டுப் பூட்டுங்க. அலுமினிய வாஷரில இதைச் செய்யாதைங்க, உருகிப் போகும்.

சின்ன டோர்க் ரெஞ்ச் இரவல் கேட்டவர் வெள்ளி பின்னேரம் வரலாம். கச்சானில கடை மூடியிருந்தாலும் பின் கதவால கூப்பிடுங்க. கழட்டின பழைய சம்ப் பக்கிங்கை எறியாமல் கொண்டு வாங்க, எந்தப் பக்கம் நசிஞ்சிருக்கு எண்டு பாக்கோணும்.